என் முப்பதாம் நாள் பூசையில் நான்

போன அக்டோபர் கடைசியில் ஒரு காலை. உப்பளம் கல்லறைத் தோட்டத்தில், எங்கள் குடும்பக் கல்லறையின் மேல் என் மனைவி தெரேஸ் ஏறி உட்கார்ந்திருந்தாள். எழுபத்தாறு வயது. பேருந்தில் ஜன்னல் சீட்டைப் பிடித்தவள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே உளியும் சுத்தியலுமாக ஏழுமலை நின்றார். கல்லில் எழுத்து வெட்டுகிறவர். தவளக்குப்பத்திலிருந்து மொபெட்டில் வந்திருந்தார். நான் ஏழுமலைக்குப் பின்னால் நின்றேன். பாதுகாப்பான இடம் அதுதான்.

"கல்லு மேல உளி பட்டுதுன்னா நான் எழுந்திருக்க மாட்டேன். என்னையும் சேத்து வெட்டிக்க," என்றாள் தெரேஸ்.

"எனக்கு எதுக்கும்மா வம்பு. சார்தான் ஃபோன் பண்ணி வரச்சொன்னாரு. தேதிய எடுத்துடுன்னாரு."

"சார் ஆயிரம் சொல்லுவாரு."

"தெரேஸ், அது என் கல்லு," என்றேன் நான், ஏழுமலையின் தோளுக்கு மேலாக.

"உங்க பேரு இருந்தா உங்க கல்லாயிடுமா?"

ஏழுமலை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உளியைத் தரையில் வைத்துவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். அனுபவஸ்தர்.

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும். நடுவில் இரண்டு வாரம் தவறவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். நானே முதலிலிருந்து சொல்கிறேன். எண்பத்திரண்டு வயதில் சொன்னதையே சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

பெயரைத் தவிர எல்லாம் தப்பு

கல்லில் இருப்பது என் பெயர். பெர்னார் சவரிராயன். அடியில் ஒரு டிசம்பர் மாதத் தேதி, நான் செத்துப்போனதாக. அதற்கும் அடியில் பிரெஞ்சில் ஒரு வரி: மோர் பூர் லா பத்ரி. தாய்நாட்டுக்காக உயிரை விட்டவர் என்று அர்த்தம். பிரான்சுக்காகச் செத்த சிப்பாய்களுக்கு வெட்டுகிற வரி அது.

நான் ஓட்டியது இந்திய விமானம். சாகவும் இல்லை. ஆகப் பெயரைத் தவிர அந்தக் கல்லில் எல்லாமே தப்பு.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். பாண்டிச்சேரிக் கிறிஸ்தவர்கள் அன்றைக்குக் கல்லறையைக் கழுவி, பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் வந்து மந்திரிக்கும்வரை காத்திருப்பார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக நானும் போகிறேன். தாத்தாவுக்கு ஒன்று, அப்பா அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று சாமியார் ஜெபிக்கும்போது நானே ஆமென் சொல்கிறேன்.

ஒருமுறை புதிதாக வந்த சின்னச் சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். "உங்க அண்ணனா ஐயா? ரொம்பச் சின்ன வயசுல போயிருக்காரே," என்றார். "இல்ல ஃபாதர், நான்தான்," என்றேன். பாவம், தீர்த்தச் செம்பைக் கீழே போட்டுவிட்டார்.

அதே நவம்பரில் பென்ஷன்காரன் உயிரோடு இருப்பதை அரசாங்கத்துக்கு நிரூபிக்கவும் வேண்டும். ஆக வாரத் தொடக்கத்தில் செத்ததற்கு மெழுகுவத்தி, வாரக் கடைசியில் இருப்பதற்குச் சான்றிதழ். வங்கியில் கைரேகை மிஷின் என்னை ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் ஐஸ் கம்பெனியில் இத்தனை வருஷம் ஐஸ் பாரைத் தூக்கித் தூக்கி விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. இப்போது ஃபோனில் முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். சிமிட்டினால் உயிர். மருமகள்தான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இன்னொரு தரம், இன்னொரு தரம்," என்பாள்.

இதையெல்லாம் நான் சகித்துக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டுதான் பொறுமை போயிற்று. பழைய ஊரைச் சுற்றிக் காட்டும் ஒரு இளைஞன் ஏழெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தான். என் கல்லின் முன்னால் நிறுத்தி, இவர் ஜெர்மன்காரர்களோடு வானத்தில் மோதி வீரமரணம் அடைந்தவர் என்றான். என்னைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னான், ஃபோட்டோவில் விழுகிறேனாம்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இதயத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட் இருக்கிறது. அடுத்தது எப்போது என்று டாக்டருக்கே தெரியாது. இந்தக் கல்லுக்கடியில் நிஜமாகப் படுப்பதற்குள் தேதியைச் சரிசெய்துவிட வேண்டும்.

தெரேஸ் கூடாது என்றாள்.

எங்களுக்குள் சண்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐம்பது வருஷமாகத் தீராமல் இருப்பது இது ஒன்றுதான். நான் கல்லை எடுக்கலாம் என்பேன், அவள் கூடாது என்பாள். காரணம் கேட்டால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். வெளியே சொல்லாவிட்டாலும் எனக்குள் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. நான் திரும்பி வந்ததில் இவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்தானா?

சிரிக்காதீர்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது.

வீரனின் பெட்ரோல் டாங்கு

கிழக்கே போர் நடந்த எழுபத்தொன்றாம் வருஷ டிசம்பரில் எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி எட்டு மாதம். எதிரி சுட்டதில் என் விமானம் விழுந்தது என்று நான்கு மேடைகளில் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

யாரும் சுடவில்லை. திரும்பும்போது மூட்டமாக இருந்தது. கீழே எங்கே பார்த்தாலும் ஆறு. எல்லா ஆறும் ஒரே மாதிரி. நான் தப்பான ஆற்றைப் பிடித்துக்கொண்டு தப்பான திசையில் போனேன். எரிபொருள் தீர்ந்தது. ஒரு சேற்று வயலில் வயிறு தேய இறக்கினேன். கால் முறிந்தது. விமானத்தில் நான் ஒருவன்தான், அதனால் என் முட்டாள்தனத்துக்கு வேறு யாரும் பலியாகவில்லை. அதற்காக இன்றைக்கும் சாமிக்கு நன்றி சொல்கிறேன்.

வயலுக்குச் சொந்தக்காரர் என்னை மாட்டுக்கொட்டிலில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்தார். காய்ச்சலில் மூன்று வாரம் கிடந்தேன். அவர் பெண்டாட்டி கடுகு அரைத்த மீன் குழம்பு ஊட்டினாள். அந்தப் பக்கத்து பாஷை எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஜுரத்தில் நான் தெரேஸ், தெரேஸ் என்று புலம்பியதை ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்து ஊரெல்லாம் தேடினார்களாம். பிறகு ஒரு நாள் நம் ராணுவ வண்டி அந்த வழியாக வந்தது.

இதற்குள் பாண்டிச்சேரியில் நான் செத்திருந்தேன்.

அப்பாவும் காகிதமும்

என் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் எத்தா சிவில் ஆபீசில் குமாஸ்தா. பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பதிகிற இடம். முப்பது வருஷம் ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று முத்து முத்தாக எழுதியவர். அவர் பேனா எழுதினால்தான் ஒருவன் பிறந்தான், அவர் எழுதினால்தான் செத்தான். முத்திரை போட்ட காகிதம் பொய் சொல்லாது என்பது அவருக்கு வேதம்.

முதல் தந்தி வந்தது. மகனைக் காணவில்லை, இறந்திருக்கலாம் என நம்பப்படுகிறது என்று அதில் இருந்தது. மேலே அரசாங்க எண், கீழே அதிகாரியின் பெயர். இன்னொரு குடும்பமாக இருந்தால் 'இருக்கலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருக்கும். என் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எண் போட்டு வந்துடுச்சு," என்றாராம். அவ்வளவுதான், நான் காலி.

மறுநாளே நகராட்சிக்குப் போய் என் சாவைப் பதியச் சொன்னார். பிணம் இல்லாமல் பதிய முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். பிரெஞ்சுக்காரன் போனதிலிருந்து நிர்வாகமே கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தார். பதிவேட்டில் எழுத விடாததால் கல்லில் எழுதினார். வரியையும் அவரே எழுதிக் கொடுத்தார். மகன் இந்தியாவுக்காகச் செத்தான் என்பது மனசுக்குத் தெரிந்தாலும் கைக்குத் தெரிந்த வாசகம் அது ஒன்றுதான்.

இரண்டாவது தந்தி முப்பதாம் நாள் பூசைக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. மகன் உயிருடன் உள்ளார், புறப்பட்டு வருகிறார் என்று. அதில் எண் இல்லை. அவசரத்தில் யாரோ போட மறந்திருக்கிறார்கள்.

அப்பா அதைப் படித்தார். மடித்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

பிற்பாடு இதைக் கேட்டு நான் குதித்தேன். "எண் இல்லாத காகிதத்தை நம்பி அந்தப் பொண்ணுகிட்ட என்னான்னு சொல்றது? தப்பா இருந்தா அவளுக்கு ரெண்டாவது தரமும் சாவு சொல்லணுமே," என்றார். நம்ப ஆசைதான், நம்பப் பயம். அதற்கு எண் ஒரு சாக்கு. எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அது புரிந்தது. அதுவரை அவர்மேல் கோபமாகவே இருந்தேன்.

காலிப் பெட்டி

இரண்டு ரயில், ஒரு பேருந்து மாறி, கக்கத்தில் கட்டையோடு ஊர் வந்து சேர்ந்தேன். வீடு பூட்டியிருந்தது.

எதிர்வீட்டில் முசே கஸ்பார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் மூன்று கண்டம் சுற்றி, பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர். இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம், ஐயா என்பதற்கு முசே என்போம். என் அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது, அதனால் பூசைக்குப் போகவில்லை. என்னைப் பார்த்து அவர் அலறவில்லை. எழுந்து நின்று ஒரு சல்யூட் வைத்தார்.

"பூசை ஆரம்பிச்சு அரை மணி ஆவுது. சீக்கிரம் போ," என்றார்.

"யாருக்கு பூசை முசே?"

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினேன். ரிக்‌ஷாக்காரரும் யாருக்குப் பூசை என்று கேட்டார். என் சிநேகிதனுக்கு என்றேன். உண்மையைச் சொன்னால் இறக்கிவிட்டுவிடுவாரோ என்று பயம்.

கோயிலுக்குள் நடுவில் ஒரு காலிப் பெட்டி, மேலே கறுப்புத் துணி. சுற்றி மெழுகுவத்தி. பங்குச் சாமியார் என்னைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். நடுவில் புகுந்தால் மரியாதை இல்லை என்று கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கீழ்ப்படிதலுள்ள பிள்ளை, பக்தியுள்ள பிள்ளை, பூசை உதவியில் ஒருநாளும் குறை வைக்காதவன் என்றார். பன்னிரண்டு வயதில் பூசைக்கு வைத்த திராட்சை ரசத்தைக் குடித்ததற்காக என் காதைத் திருகியவரும் அவரேதான். கேட்கக் கேட்க எனக்கே என்மேல் பாசம் வந்தது. நல்ல பையன், அநியாயமாகப் போய்விட்டான் என்று தோன்றியது.

அத்தைதான் முதலில் பார்த்தது. ஜெபப் புத்தகம் விழுந்தது, பின்னாலேயே அத்தையும் விழுந்தது. பாடகர் குழு பாதியில் நின்றது. எல்லாரும் எழுந்து, சிலர் என்னை நோக்கி, சிலர் கதவை நோக்கி ஓடினார்கள். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா வந்து என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

முன் பெஞ்சில் வெள்ளைப் புடவையில் தெரேஸ் இருந்தாள். அவளும் திரும்பினாள். நேராக என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு நீளமாக இருந்தது.

பிறகு திரும்பிப் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

எழவில்லை. வரவில்லை. கோயிலே ரெண்டுபட்டுக்கொண்டிருக்க, அவள் முதுகு மட்டும் அசையாமல் இருந்தது. பூசை எப்படியோ முடிந்தது. கடைசி ஆளாக வெளியே வந்தாள்.

"கால்ல என்னா?" என்றாள்.

"முறிஞ்சிருக்கு."

"வெயில்ல நிக்காதீங்க."

அவ்வளவுதான். சாப்பாடு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதால் வீணாக்க வேண்டாம் என்று அப்பா எல்லாரையும் வீட்டுக்கு அழைத்தார். என் முப்பதாம் நாள் சாப்பாட்டை நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். பிரியாணியில் உப்பு குறைச்சல்.

கல்லை எடுக்கலாமே என்று நான் அப்பாவிடம் கேட்டேன். "எப்பனா வேணுந்தானே," என்றார். அவர் போன பிறகு தெரேஸிடம் கேட்டேன். அவள் சமையலறைக்குப் போனாள்.

முதலாளியம்மா

நான் திரும்பி வந்த அன்றைக்குச் சாயந்திரமே அவள் இடுப்பில் ஒரு சாவிக்கொத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சாவி இல்லை.

வம்பாகீரப்பாளையத்தில் அவள் மாமா ஒரு ஐஸ் கம்பெனி நடத்தி, முடியாமல் மூடி வைத்திருந்தார். நான் செத்து இருபதாம் நாள் இவள் வெள்ளைப் புடவையோடு அங்கே போய், "நான் நடத்தறேன், சாவியக் குடுங்க," என்று கேட்டிருக்கிறாள். துக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கு எப்படி இல்லை என்பது? கொடுத்துவிட்டார். நான் உயிரோடு வந்ததும் ஓடிவந்து, "அதான் வூட்டுக்காரரு வந்துட்டாரே, சாவியக் குடும்மா," என்றார்.

"அவரு வந்தது நல்லது மாமா. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் தெரேஸ்.

நான் கால் சரியானதும் மறுபடி விமானப்படைக்குப் போனேன். சில வருஷம் ஓட்டினேன். வயலில் விழுந்த அடி முதுகில் தங்கிவிட்டது, ஒருநாள் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் வேலை கேட்டேன். நேர்முகத் தேர்வு அரை நிமிஷம் நடந்தது.

"என்னா தெரியும்?"

"ஏரோப்ளேன் ஓட்டத் தெரியும்."

"வேன் ஓட்டுவீங்களா?"

கனகசெட்டிக்குளம்வரை மீனவர்களுக்கு ஐஸ் பார் கொண்டுபோகும் வேனை நான்தான் ஓட்டினேன். ஏறி உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் பிரேக், கண்ணாடி, எண்ணெய், கதவு என்று சத்தமாக ஒப்பிப்பேன். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொன்றுக்கும் 'செக்' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. மூன்று பிள்ளைகளும் இப்படித்தான் பள்ளிக்கூடம் போனார்கள். மூத்தவள் கல்யாணத்தன்றே காரில் ஏறியதும் மணக்கோலத்தில் 'செக்' சொன்னாள், மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை.

என்னை ஐஸ் தொழிலின் முன்னோடி என்று ஒரு சங்கத்தில் விருது கொடுத்தார்கள். முன்னோடி இல்லை, வேன் ஓட்டி. முன்னோடி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். மேடையில் நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சால்வை நன்றாக இருந்தது, சொல்லாமல் வந்துவிட்டேன்.

இப்போது புரிகிறதா என் சந்தேகம்? நான் செத்திருந்த நாட்களில்தான் அவள் நிமிர்ந்தாள். நான் வந்ததும் முதுகைத் திருப்பினாள். நான் செத்ததாகச் சொல்லும் கல்லை மட்டும் எடுக்க விடமாட்டேன் என்கிறாள். எந்தப் புருஷனுக்குத்தான் தூக்கம் வரும்?

உப்பளத்தில் அன்றைக்கு

ஏழுமலை வெற்றிலையைப் போட்டு முடித்துவிட்டார். வெயில் ஏறிவிட்டது. தெரேஸ் கல்லை விட்டு நகரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஐம்பது வருஷம் கேட்காததை, முன்பின் தெரியாத ஒரு கல் வெட்டுகிறவர் முன்னால் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்குக் கோயில்ல ஏன் எழுந்து வரல?"

அவள் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தேல்ல? நான்னு தெரிஞ்சுதுல்ல? திரும்பி உக்காந்துகிட்டியே. நான் வந்தது பிடிக்கலியா உனக்கு?"

ஏழுமலை எழுந்தார். "நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன் சார்."

"நீ உக்காருப்பா," என்றாள் தெரேஸ். "இவரு கேக்கறதக் கேளு. பிடிக்கலியான்னு கேக்கறாரு."

அவர் உட்கார்ந்தார். நானும் பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"சாவு சேதி வந்ததுலேருந்து அழுதேன்," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஏழுமலையைப் பார்த்துச் சொன்னாள். "சும்மா அழுகையில்ல. சோறு எறங்கல. உங்கம்மாவே பயந்துட்டாங்க, இவளும் போயிடுவான்னு. அன்னிக்குக் காலையில குளிச்சிட்டு, கோயிலுக்கு வந்து, மாதாகிட்ட சொன்னேன். இன்னியோட போதும் தாயே, இனிமே நான் அழ மாட்டேன், மாமா குடுத்த சாவி இருக்கு, வேலையப் பாக்கறேன்னு. சொல்லி வாய மூடல. பின்னால சத்தம். திரும்புனா நீங்க நிக்கிறீங்க."

"சந்தோஷமா இல்லியா?"

"சந்தோஷந்தான். ஆனா அதுக்கு முன்னால வேற ஒண்ணு தோணிடுச்சு. வந்துட்டாரு. அப்பன்னா இன்னொரு தரம் போவாரே. இன்னொரு தரம் எனக்கு இது இருக்கேன்னு. காலு எழுந்திருக்கல. நான் என்னா பண்ணட்டும்?"

இப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"தேதி தப்பு, தேதி தப்புன்றீங்க. உங்களுக்குத் தப்பு. எனக்கு அது நடந்த தேதி. அன்னியிலேருந்துதான் எனக்குப் புருஷன் இல்ல. அப்புறம் நீங்க வந்தீங்க, பிள்ளைங்க பொறந்துச்சு, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்காக அந்த நாளு இல்லன்னு ஆயிடுமா? அத ஒருத்தரும் எங்கயும் எழுதி வெக்கல. உங்கப்பா வெட்டுன இந்தக் கல்லு ஒண்ணுதான் இருக்கு."

கையால் கல்லைத் தட்டினாள்.

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அழ மாட்டேன். மாதாகிட்ட சொன்னது சொன்னதுதான். ஊரு பேசும், கல்லு மாதிரி நிக்கறா பாருன்னு. பேசட்டும். இதக் காட்டுவேன். அன்னிக்கே அழுதாச்சு, தேதி போட்டிருக்கு பாத்துக்கன்னுவேன்."

ஐம்பது வருஷமாக அவள் முதுகைப் பற்றி நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். எல்லாவற்றிலும் நடுவில் நான்தான் இருந்தேன். அந்த நாட்களில் இவளுக்கு என்ன நடந்தது என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நான் உயிரோடு வந்துவிட்டதால் அது கணக்கில் இல்லை என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. கூடவே, சொல்லப்போனால், சந்தோஷமாகவும் இருந்தது. என்னைப் பிடிக்காமல் இல்லை.

"ஏழுமலை, தேதி இருக்கட்டும்பா," என்றேன்.

"அப்ப நான் கெளம்பட்டுமா சார்?"

"வந்தது வந்துட்ட," என்றாள் தெரேஸ், கல்லிலிருந்து மெதுவாக இறங்கி. "அந்தப் பிரெஞ்சு வரிக்குக் கீழ எடம் இருக்குல்ல? என் பேர வெட்டிட்டுப் போ."

"தேதிம்மா?"

"தேதிய அப்புறம் போட்டுக்கலாம். பேரு மட்டும் வெட்டு. முந்தறது அவரா நானான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை. எனக்கு எண்பத்திரண்டு, ஸ்டென்ட் வேறு. போகப்போவது நான்தான், இவள் நின்று பார்த்துக்கொள்வாள் என்றே எல்லா ஏற்பாடும் மனசில் செய்து வைத்திருந்தேன்.

ஏழுமலை கல்லைத் துடைத்தார். நூல் பிடித்து, பென்சிலால் எழுத்துகளைக் கோடு போட்டார். தெரேஸ் சவரிராயன். பக்கத்தில் தேதிக்கு வெற்றிடம் விட்டார். உளியை வைத்து முதல் அடி அடித்தார். கல்லிலிருந்து ஒரு சின்னச் சில்லு தெறித்தது.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். கண் கலங்கியது என்றெல்லாம் கௌரவமாக எழுதமாட்டேன். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சத்தமாக அழுதேன். விமானம் விழுந்தபோதுகூட அப்படி அழவில்லை.

"என்னாத்துக்கு இப்ப அழறீங்க?" என்றாள் அவள். "நான் எங்க போயிட்டேன், இங்கதானே நிக்கிறேன்?"

"நீ முன்னாடியே அழுது முடிச்சு வெச்சுட்ட," என்றேன். "நானும் முடிச்சு வெச்சுடறேன்."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஏழுமலை சுத்தியலை நிறுத்தினார். "சார் அழுது முடிக்கட்டும்மா. அப்புறமா அடிக்கிறேன்."

"அது நேரமாவும்," என்றாள் தெரேஸ். "நீ அடி."